சிவப்புப் புரதமும் மூணு காம்பு மாடும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மாடு இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். மாடு இல்லாதவர்களும் படிக்கலாம். காலையில் காபி குடிக்கிறவர்கள்தானே எல்லோரும்.

போன மாதம் ஒருநாள் விடிகாலை 4.40-க்கு என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பினான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். வீட்டில் அம்மா இரண்டு கறவை வைத்திருக்கிறார். செய்தியில் இருந்தது இதுதான்: "பாலிலேயே இருக்கும் இயற்கைப் புரதம் மடிநோயை விரட்டும். இனி ஊசி வேண்டாம், ஆன்டிபயாடிக் வேண்டாம்." கீழே ஒரு பவுடர் டப்பாவின் படம், விலை, ஆர்டர் செய்ய ஒரு எண். அதன் கீழே இவன் எழுதியிருந்தான்: "சார், செவலைக்கு நேத்து சாயங்காலத்துலேருந்து ஒரு காம்புல பால் திரிதிரியா வருது. மடி கல்லு மாதிரி இருக்கு. அம்மா அழுவுறாங்க. இத வாங்கலாமா சார்?"

உடனே போன் போட்டேன். "தம்பி, பவுடர் கதையை அப்புறம் பேசலாம். முதல்ல 1962-க்கு அடி, இல்லன்னா நம்ம கால்நடை ஆஸ்பத்திரிக்கு விடிஞ்சதும் ஆள் அனுப்பு. டாக்டர் வர்ற வரைக்கும் அந்தக் காம்பை ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் கறந்து வெளியே ஊத்தச் சொல்லு. கன்னுக்குட்டியை அதுல விடாதே" என்றேன். "சரிங்க சார், கம்பெனி பஸ் வந்துடுச்சு" என்று வைத்துவிட்டான்.

அவனை அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அது என் சொந்தக் கதை.

1968. எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் வீட்டில் லட்சுமி என்று ஒரு மாடு. அப்பாவின் சம்பாத்தியம் ஏரி தண்ணீரை நம்பியது. லட்சுமியின் பால் மட்டும்தான் தினமும் காசாக மாறும். என் நோட்டு, புத்தகம், ஹைஸ்கூலுக்குப் போக பஸ் காசு எல்லாம் அந்தப் பாலிலிருந்து. ஒரு ஐப்பசி மழையில் லட்சுமியின் மடி வீங்கியது. பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். திருஷ்டி சுற்றிப் போட்டாள். நாலாம் நாள் காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வந்தது. எட்டாம் நாள் ஒன்றுமே வரவில்லை. மாடு பிழைத்தது, காம்பு செத்தது. பிறகு சந்தைக்கு ஓட்டிப் போனபோது வாங்க வந்தவர் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணு காம்பு மாடா?" என்று ஒரே கேள்வி கேட்டார். விலை பாதியாகிவிட்டது. அந்த வருஷம் நான் பள்ளிக்கூடம் போனது ஒரு மாமா புண்ணியத்தில். பாட்டியைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். தெரியாதது இன்னொன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் "தெரியாதது" என்ன என்பதுதான் இந்தப் பதிவு. அந்தப் பவுடர் செய்தியில் இருக்கும் "இயற்கைப் புரதம்" பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மடிநோய் மாடு எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. ஆனால் அது கிருமியால் வருகிறது என்று தெரிந்து 140 வருஷம்கூட ஆகவில்லை. 1887-ல் பிரான்சில் எட்மன் நொகார் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய சகாவான மொல்லெரோவும், நோயுற்ற மாட்டின் பாலில் மணிமாலை போலக் கோத்த கிருமிகளைக் கண்டார்கள். நொகார், பாஸ்டரோடு வேலை செய்தவர். அந்த வகைக் கிருமி ஒன்றுக்குப் பின்னால் வைத்த பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. "அகலாக்டியே" என்றால் கிரேக்கத்தில் பால் அற்றுப்போதல். பெயரிலேயே ஒரு குடியானவனின் நஷ்டம் இருக்கிறது பாருங்கள். போரிக் அமிலக் கரைசலைக் காம்பு வழியாகச் செலுத்தி வைத்தியம் பார்த்தார்கள். மடிக்குள் மருந்து விடும் பழக்கத்தின் ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

அடுத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். பெனிசிலினுக்கு ஆறு வருஷம் முன்பே, 1922-ல், அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்து எழுதினார். மூக்குச் சளியில், கண்ணீரில், எச்சிலில் கிருமியைக் கரைக்கும் ஒரு புரதம்: லைசோசைம். உடம்பு தன் வாசல்களில் தானே காவல் போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. தாய்ப்பாலிலும் இது நிறைய உண்டு. பசும்பாலில் மிகக் குறைவு. பசுவுக்கு வேறு காவல்காரர்கள்.

அதில் முக்கியமானவரைக் கண்டவர் யார் தெரியுமா? என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் அவருடைய பெயரைப் பரீட்சையில் எழுதியிருக்கிறீர்கள். பி.எச். அளவுகோல்! அமிலம், காரம், ஏழு என்றால் நடுநிலை. 1909-ல் அதை உருவாக்கிய டென்மார்க்காரர் சோரன்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் கம்பெனி நடத்திய ஆய்வகத்தில் வேலை செய்தவர். அவரும் அவர் மனைவி மார்கரேத்தும் பால் தெளிவில் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது சிவப்பு நிறத்தில் ஒன்று கிடைத்தது. 1939-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதே வருஷம் சோரன்சென் காலமானார். வெள்ளைப் பாலுக்குள் சிவப்புப் புரதம்! முப்பது வருஷம் வகுப்பில் அவர் பெயரைச் சொன்னேன். பாலோடு அவருக்கு இருந்த சம்பந்தம் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1960-ல் தனித்தனியாக வேலை செய்த சில ஆய்வுக்குழுக்கள் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தன. லாக்டோஃபெரின் என்று பெயர். லாக்டோ என்றால் பால், ஃபெரம் என்றால் இரும்பு. சிவப்பு நிறம் அந்த இரும்பினால்தான்.

அது செய்யும் வேலை எளிமையானது. கிருமி பெருகுவதற்கு இரும்பு வேண்டும். நமக்கு ரத்தத்துக்கு வேண்டியதைப் போல, அதற்கும் வேண்டும். லாக்டோஃபெரினுக்கு இரண்டு மடல்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒவ்வொரு இரும்பு அணுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிக்குக் கிடைக்காது. ஊரில் கலவரம் என்றால் முதலில் அரிசிக் கடையைப் பூட்டுவார்களே, அது மாதிரி. விஷம் வைக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை, பட்டினி போடுகிறது. இதுபோக, கிருமியின் மேல்தோலை நேரடியாகக் குலைக்கும் சக்தியும் அதற்கு உண்டு. 1992-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லாக்டோஃபெரினை வயிற்றில் சுரக்கும் பெப்சினால் துண்டாக்கிப் பார்த்தார்கள். ஒரு சிறு துண்டு முழுப் புரதத்தைவிட வலுவாகக் கிருமியைத் தாக்கியது.

நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. 1990-களின் கடைசியில் டெல்லி எய்ம்ஸில் பேராசிரியர் டி.பி.சிங் குழுவினர் எருமைப் பாலின் லாக்டோஃபெரினைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் கொண்டு அதன் வடிவத்தை அணு அணுவாக வரைந்தார்கள். டென்மார்க்கில் தொடங்கிய கதையில் நம் எருமைக்கும் ஒரு அத்தியாயம்.

இந்தப் புரதம் மடியில் எப்போது அதிகம், எப்போது குறைவு? இதை மாடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சீம்பாலில் அதிகம். நன்றாகக் கறக்கும் மாட்டின் பாலில் மிகக் குறைவு. லிட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிராம். சினை மாட்டைக் கறவை நிறுத்தி வற்றவிட்ட பிறகு, சில வாரங்களில், மடியில் தேங்கும் நீரில் அது நூறு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. பாலில் சிட்ரேட் என்ற உப்பு உண்டு. அது லாக்டோஃபெரினிடமிருந்து இரும்பைத் தட்டிப் பறிக்கும். மாடு வற்றும்போது சிட்ரேட்டும் குறைகிறது. ஆகவே நன்றாக வற்றிய மடி ஒரு கோட்டை. ஆனால் கறவை நிறுத்திய முதல் இரண்டு வாரம்? பால் உள்ளே தேங்கும், தினமும் கறந்து கிருமியை வெளியேற்றவும் ஆள் இல்லை, காவல்காரனும் இன்னும் வந்து சேரவில்லை. அப்போதுதான் திருடன் நுழைகிறான்.

கறவை மாட்டிலும் அப்படித்தான். நாம் இருபது லிட்டர், முப்பது லிட்டர் என்று கேட்டு வளர்த்த கலப்பின மாட்டின் மடி, பால் தயாரிக்கும் ஆலை. காவலுக்கு அங்கே இடம் குறைவு. பாட்டி காலத்து நாட்டு மாட்டைவிட ஜெர்சிக் கலப்புக்கும் ஃபிரீசியன் கலப்புக்கும் மடிநோய் அதிகம் வருவதை எந்த மாட்டு டாக்டரும் சொல்வார்.

சரி, இவ்வளவு நல்ல புரதம் இருக்கும்போது உலகம் ஏன் ஆன்டிபயாடிக் பின்னால் போனது?

பதில் எளிது. பெனிசிலின் வேகமாக வேலை செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மனிதனைக் காப்பாற்றியது. 1940-களிலேயே மாட்டின் மடிக்கும் வந்துவிட்டது. இங்கே 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பித்தபோது கலப்பின மாடும், சொசைட்டியும், ஊசியும் ஒரே வண்டியில் கிராமத்துக்கு வந்தன. இரண்டு நாளில் வீக்கம் வடிந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1968-ல் எங்கள் வீட்டுக்கு அந்த ஊசி ஒன்று கிடைத்திருந்தால் லட்சுமியின் நாலாவது காம்பு பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பெனிசிலினை வெட்டிப்போடும் நொதியைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது. மடியின் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளவும் அதற்குத் தெரியும். இன்னொரு பக்கம், ஊசி போட்ட மாட்டின் பால் நம் டம்ளருக்கு வந்தது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77-ல் அனுமதித்த அளவைத் தாண்டி ஆன்டிபயாடிக் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். பயந்து ஓட வேண்டியதில்லை. அலட்சியமாக இருக்கவும் முடியாது. இன்று மடியில் பழகிய கிருமி நாளை நம் பேரப்பிள்ளையின் காயத்தில் வந்து உட்கார்ந்தால், அதே மருந்து கேட்காது.

இதை வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். "இந்தப் பால் தோயவே மாட்டேங்குதே" என்பார்கள். உறை மோரில் இருப்பதும் பாக்டீரியாதான். பாலில் மருந்து இருந்தால் அதுவும் செத்துவிடும், தயிர் தோயாது. தோயாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுவும் ஒன்று.

எனவே விஞ்ஞானிகள் மறுபடியும் சிவப்புப் புரதத்தின் பக்கம் திரும்பினார்கள். 1990 டிசம்பரில் நெதர்லாந்தில் ஹெர்மன் என்று ஒரு காளைக்கன்று பிறந்தது. மனிதனின் லாக்டோஃபெரின் மரபணுவைக் கருவிலேயே செலுத்தி உருவாக்கிய கன்று. அதன் வழி வரும் பசுக்களின் பாலில் மனித லாக்டோஃபெரின் சுரக்க வேண்டும் என்பது திட்டம். மடிநோய் எதிர்ப்பும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நாடே இரண்டுபட்டு விவாதித்தது. ஹெர்மன் 2004-ல் இறந்தது. பாடம் செய்த உடலை லைடன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கனடாவில் வேறு வழியில் போனார்கள். பெனிசிலினுக்கு அடங்காத கிருமி தொற்றிய மாடுகளின் மடிக்குள் லாக்டோஃபெரினையும் பெனிசிலினையும் சேர்த்துச் செலுத்தினார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. தனிப் பெனிசிலினைவிட இரண்டும் சேர்ந்தது நன்றாக வேலை செய்தது. அப்போதும் எல்லா மாடும் குணமாகவில்லை.

இங்கே கவனியுங்கள். "சேர்ந்து" என்பதுதான் முக்கியமான சொல். ஊசிக்குப் பதிலாக அல்ல, ஊசிக்குத் துணையாக.

தனியாக ஏன் போதவில்லை? சில கிருமிகள் இரும்பைப் பிடுங்கத் தங்களுக்கென்று கொக்கி வைத்திருக்கின்றன. செல்லுக்குள் ஒளிந்ததைப் புரதம் எட்டாது. பாலின் சிட்ரேட் குறுக்கே நிற்கும். கடைசியாகக் கணக்கு வாத்தியார் பாணியில் ஒரு கணக்கு: லிட்டருக்கு 0.1 கிராம் என்றால், ஒரு துளிகூட வீணாகாமல் பிரித்தாலும் ஒரு கிலோ லாக்டோஃபெரினுக்குப் பத்தாயிரம் லிட்டர் பால் வேண்டும். அதனால்தான் 1986-லேயே ஜப்பானில் அதைக் குழந்தைகளின் பால் பொடியில் சேர்த்தார்களே தவிர, மாட்டுக் கொட்டகைக்கு அது வரவில்லை. டப்பாவில் சல்லிசாக விற்கிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதையும் மாட்டின் வாயில் கொடுத்தால் நாலு வயிறு தாண்டி மடிக்குப் போகாது. தீவனத்தோடு தீவனமாகச் செரித்துவிடும்.

பாட்டியின் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்போது வெறும் மூடநம்பிக்கையா? அதுவும் இல்லை. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இந்த வழக்கங்களைத் தொகுத்து, அளவு சொல்லி ஒழுங்குபடுத்தினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம்; அரைத்து, ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் இதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. பாட்டி ஒருநாளைக்கு ஒரு தடவை பூசினாள், கற்றாழை சேர்க்கவில்லை. நோய் லேசாகத் தொடங்கும்போதே செய்தால் பலன் உண்டு. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, மடி கல்லாகிவிட்டது என்றால் கற்றாழை தேடி அலையாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. பிறகு வரிசையாக வந்தவை உங்களுக்கே தெரியும். வேலை வந்தது, நான் குறை சொல்லவில்லை. என் மாணவர்கள் பாதிப் பேர் சோறு அதில்தான். ஆனால் மேய்க்கால் புறம்போக்கு போனது. மாடு கொட்டாயிலேயே நிற்கிறது, அதே சாணியிலேயே படுக்கிறது. இன்னொன்றும் நடந்தது. கறக்கும் நேரத்தைக் கம்பெனி பஸ் தீர்மானிக்கிறது. மகன் ஏ ஷிப்டு என்றால் நாலரைக்குக் கறவை, பி ஷிப்டு என்றால் வேறு நேரம். பஸ் ஹாரன் அடித்தால் பாதிப் பாலோடு எழுந்து ஓட்டம். மீந்த பால் மடியிலேயே நிற்கும். கிருமிக்கு அதைவிட விருந்து வேறில்லை.

அதனால் சொல்கிறேன். அந்தப் புரதம் ஏற்கெனவே நம் மாட்டின் மடியில்தான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டாம். அது வேலை செய்ய நாம் வழிவிட்டால் போதும். 

கறக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். கடைசிச் சொட்டு வரை கறந்துவிடுங்கள். கறப்பதற்கு முன் மடியைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கறந்தபின் காம்புத் துவாரம் அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரம் மாடு படுக்கக் கூடாது. கறந்த கையோடு தீவனம் போடுங்கள், நின்று தின்னும். டாக்டர் சொல்லும் அயோடின் கரைசலில் காம்பை முக்கிவிடுங்கள். இங்கிலாந்தில் 1960-களிலேயே பெரிய பண்ணைகளில் சோதித்து நிரூபித்த வழி இது.

இன்னொரு வாத்தியார் வேலை. 1957-ல் கலிஃபோர்னியாவில் ஷாமும் நூர்லாண்டரும் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். பாலில் சோப்புத் தன்மையுள்ள கரைசலைச் சேர்த்தால், நோயுற்ற பாலில் இருக்கும் வெள்ளணுக்கள் உடைந்து கூழாகும். அதையே துணி துவைக்கும் பவுடரை வைத்தும் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பவுடர். நாலு காம்புப் பாலையும் தனித்தனி கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து, சம அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றுங்கள். எந்தக் கிண்ணத்தில் வழவழவென்று கெட்டியாகிறதோ அந்தக் காம்பில் உள்ளுக்குள் நோய் இருக்கிறது. கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்குப் பல நாள் முன்பே தெரிந்துவிடும். சோதித்த பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

செவலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று பத்து மணிக்கு டாக்டர் வந்துவிட்டார். ஊசி, மடிக்குள் மருந்து, வெளியே கற்றாழைப் பூச்சு மூன்றும் நடந்தது. மருந்துக் குப்பியில் போட்டிருந்த நாள் கணக்குப்படி பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் சார், மத்த மூணு காம்பு நல்லாத்தானே இருக்கு? அத ஊத்தலாம்ல?" மருந்து ரத்தத்தோடு எல்லாக் காம்புக்கும் போகும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. வாரக் கடைசியில் சொசைட்டிக் காசு வைத்துத்தான் மளிகை. "சரி, உங்க பேரப்பிள்ளையும் அந்தப் பாலத்தானே குடிக்குது" என்று சொல்லி, முருங்கை மரத்தடியில் ஊற்றினார். ஆறு நாள், இரண்டு வேளை. ஒரு வேளை விடாமல் ஊற்றினார் என்று மகன் சொன்னான்.

காம்பு பிழைத்துவிட்டது. முன்பு போல் முழுப் பால் இல்லை, முக்கால்தான். அடுத்த ஈத்தில் சரியாகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன் இப்போது ஷிப்டு மாறினாலும் கறவை நேரம் மாறாதபடி பக்கத்து வீட்டு அத்தையிடம் ஏற்பாடு செய்திருக்கிறான்.

போன ஞாயிறு போயிருந்தேன். செவலையின் நாலு காம்பையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தேன்.

உங்கள் ஊரில் மடிநோய்க்கு என்ன செய்வார்கள், கைகண்டது எது, கைவிட்டது எது என்று கீழே எழுதுங்கள். கால்நடை மருத்துவ நண்பர்கள் நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன்.